ஒப்பரேசனுக்கு டேட் கிடைத்தால் சிகரெட்டை எப்போது நிறுத்துவது?

பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் ஹேர்னியாவுக்கோ பித்தப்பைக் கல்லுக்கோ முழங்கால் மாற்றுவதற்கோ டேட் போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து வீட்டில் எல்லாரும் உசாராகிவிடுவார்கள். இரத்தப் பரிசோதனை, ஈசிஜி, எந்த மருந்தை எத்தனை நாள் முன்னர் நிறுத்துவது, முதல்நாள் இரவு எத்தனை மணிக்குப் பிறகு சாப்பிடக்கூடாது, வார்டில் யார் நிற்பது, சாப்பாடு யார் கொண்டுபோவது என்று எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கும். சிகரெட்டுக்கு மட்டும் ஒரு கணக்கும் இருக்காது. "ஒப்பரேசன் அன்று காலையில் பத்தாமல் விட்டால் போதும்தானே" என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சிலர் அதையும் செய்வதில்லை, ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று கடைசியாக ஒன்றைப் பத்திவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். டேட் கிடைத்த அன்றே நிறுத்துங்கள். ஒப்பரேசனுக்கு முன் நான்கு கிழமையோ அதற்கு மேலோ புகையில்லாமல் கிடைத்தால் மிக நல்லது. இரண்டு கிழமைதான் இருக்கிறது என்றால் இன்றே நிறுத்துங்கள், நாளைக்குத்தான் ஒப்பரேசன் என்றால் இப்போதே. ஏன் இப்படி நாளுக்கு நாள் கணக்குப் பார்க்க வேண்டும் என்பது, புகை உடம்புக்குள் போய் என்னென்ன செய்கிறது, அதில் எது எவ்வளவு வேகமாகத் திரும்பிச் சரியாகிறது என்று தெரிந்தால் தானாக விளங்கும்.

அதற்கு முன் ஒரு விசயம். கிளினிக்கில் "புகைக்கிறனீங்களா?" என்று கேட்கும்போது நம் ஆட்களில் பலர் உண்மை சொல்வதில்லை. பக்கத்தில் மனைவி நிற்பார், இல்லையென்றால் மகள் கொப்பியோடு நிற்பார், அவர்களுக்கு முன்னால் "ஒரு நாளைக்கு ஒரு பெட்டி" என்று சொல்ல வாய் வராது. "எப்பவாவது ஒண்டு" என்று முடித்துவிடுவார்கள். அந்தக் கேள்வி உங்களைக் குற்றம் பிடிக்கக் கேட்கிற கேள்வி இல்லை. எந்த மயக்க மருந்து கொடுப்பது, எவ்வளவு கவனமாக இருப்பது, ஒப்பரேசன் முடிந்தபின் ஒட்சிசன் எவ்வளவு நேரம் தேவைப்படும், நெஞ்சுப் பயிற்சிக்கு முதலே ஆள் அனுப்ப வேண்டுமா என்பதெல்லாம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. சொந்தக்காரருக்கு முன் சொல்ல முடியாவிட்டால் டொக்டரிடம் தனியாகக் கொஞ்சம் கதைக்க வேண்டும் என்று கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சரி, புகைக்கு வருவோம். எரிகிற புகையிலையிலிருந்து வருகிற வாயுக்களில் காபனோரொட்சைட்டும் ஒன்று. நம் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமந்துபோவது ஈமோகுளோபின், அதோடு காபனோரொட்சைட்டு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. பருத்தித்துறை 750 பஸ்ஸில் ஏறி, சீட்டைப் பிடித்துக்கொண்டு, எந்த ஹோல்ட்டிலும் இறங்காமல் போய்ப் போய் வருகிற ஒருவரை நினைத்துப் பாருங்கள், அவர் இருக்கும்வரை அந்த சீட் வேறு ஒருவருக்கும் கிடைக்காது. புகைக்காத ஒருவரின் இரத்தத்தில் இப்படிப் பிடிபட்ட இடம் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. வழக்கமாகப் புகைக்கிறவருக்கு அது ஐந்து முதல் பத்து வரை இருக்கும், அதிகம் பத்துகிறவருக்கு 15 வரைக்கும் போகலாம். மீதி இருக்கிற ஒட்சிசனையும் ஈமோகுளோபின் திசுக்களிடம் இலகுவில் விட்டுக்கொடுக்காது, அதுவும் இந்த வாயு செய்கிற வேலைதான்.

கொரோனா காலத்தில் பல வீடுகளில் விரலில் மாட்டுகிற கருவி வாங்கி வைத்தோமே, அதைக் காட்டி "எனக்கு 98 இருக்கு, ஒட்சிசன் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சாதாரண கருவிக்கு ஒட்சிசன் ஏறிய ஈமோகுளோபினையும் காபனோரொட்சைட்டு ஏறிய ஈமோகுளோபினையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக் காட்டும். ஆகவே அந்த 98 ஐ நம்பிப் பத்த வேண்டாம்.

நல்ல செய்தி என்னவென்றால், இந்த வாயு வேகமாக வெளியேறும். சாதாரண காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தால் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் அதில் பாதி போய்விடும், 12 மணியிலிருந்து ஒரு நாளைக்குள் பெரும்பகுதி போய்விடும். நிக்கொட்டின் அதைவிட வேகம், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகிவிடும். நிக்கொட்டின்தான் நாடித்துடிப்பைக் கூட்டி, பிரசரை ஏற்றி, சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. மயக்கத்தில் கிடக்கிற ஒருவரின் இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும் அதே நேரத்தில் அதற்குக் கிடைக்கிற ஒட்சிசனும் குறைந்திருந்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள், முக்கியமாக ஏற்கெனவே இதயக் குழாயில் அடைப்பு இருக்கிறவருக்கு. அதனால்தான் நாளைக்கு ஒப்பரேசன் என்றாலும் இன்றே நிறுத்துங்கள் என்று சொன்னேன். அந்த ஒரு இரவுக்குக்கூட ஒரு பலன் இருக்கிறது.

ஆனால் எல்லாமே ஒரு இரவில் சரியாகாது. சுவாசக் குழாயின் உள்பக்கம் மிக நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன, அவை ஓயாமல் அசைந்து தூசியையும் சளியையும் மேலே தள்ளிக்கொண்டிருக்கும். புகை அவற்றை முடக்கிவிடுகிறது, கூடவே சளி சுரப்பதையும் கூட்டுகிறது. வருசக்கணக்கில் பத்துகிறவர் காலையில் எழும்பியதும் கிணற்றடியில் நின்று இருமிக் காறித் துப்புவது இதனால்தான், இரவு முழுக்கத் தேங்கினது அது. சாதாரண நாளில் இருமித் துப்பிவிட்டுப் போய்விடலாம். வயிற்றைக் கீறி ஒப்பரேசன் செய்தபின் இருமிப் பாருங்கள், தையல் இழுக்கிற வலியில் ஆள் மூச்சையே அரைகுறையாகத்தான் விடுவார். சளி கீழே தேங்கும், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், கிருமி பிடிக்கும், நியூமோனியா வரும். இருமாமல் விட்டாலும் கெடுதல், இருமினால் ஹேர்னியா தைத்த இடத்துக்குக் கெடுதல். மயக்கம் கொடுத்துத் தொண்டையில் குழாய் போடும்போது புகைக்கிறவரின் சுவாசக் குழாய்கள் சட்டென்று இறுகிவிடுகிற ஆபத்தும் அதிகம், முட்டு வருத்தக்காரருக்கு வருவது போல. இந்த நுண்மயிர்கள் பழைய நிலைக்கு வரவும் சளி குறையவும் நாட்களும் கிழமைகளும் எடுக்கும். நிறுத்திய முதற் கிழமைகளில் சிலருக்கு இருமல் கொஞ்சம் கூடினமாதிரி இருக்கலாம், அதைக் கண்டு பயந்து திரும்பப் பத்த வேண்டாம்.

காயம் ஆறுவதுதான் இதில் பலருக்குத் தெரியாத பகுதி. நுரையீரல் கெடும் என்பது சிகரெட் பெட்டியிலேயே படமாக இருக்கிறது, எல்லாருக்கும் தெரியும். முழங்காலில் போட்ட வெட்டுக்கும் சிகரெட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் ஆட்கள் யோசிப்பார்கள். வெட்டிய இடம் ஆற இரத்தம் வேண்டும், ஒட்சிசன் வேண்டும், கிருமியைக் கொல்ல வெள்ளணுக்கள் வேண்டும், இரு பக்கத் தோலையும் இழுத்துப் பிடிக்கப் புதிய நார்ப்புரதம் உண்டாக வேண்டும். புகை இந்த நான்கிலும் கை வைக்கிறது. ஒரு சிகரெட் பத்தியபின் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை தோலுக்குக் கீழே ஒட்சிசன் குறைந்தே இருக்கும். அப்படியென்றால் ஒரு நாளைக்கு ஒரு பெட்டி பத்துகிறவர் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அவருடைய காயம் மூச்சுத் திணறிக்கொண்டுதான் கிடக்கிறது. கிருமியைக் கொல்லும் வெள்ளணுக்களின் வேலையும் அந்தப் புரதம் உண்டாவதும் சீராகப் பல கிழமைகள் வேண்டும், நான்கு கிழமை என்ற கணக்கு வருவதற்கு முக்கிய காரணம் இதுதான்.

டென்மார்க்கில் இடுப்பு, முழங்கால் மாற்றுவதற்குக் காத்திருந்த, தினமும் புகைக்கிற 120 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2002 இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு ஒப்பரேசனுக்கு ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு முன்பிருந்தே கிழமைக்குக் கிழமை ஆலோசனையும் நிக்கொட்டின் மாற்று மருந்தும் கொடுத்தார்கள், மற்றப் பாதிப் பேருக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும். ஒப்பரேசனுக்குப் பிறகு ஏதாவது சிக்கல் வந்தவர்கள் உதவி கிடைத்த பக்கத்தில் நூற்றுக்கு 18, மற்றப் பக்கத்தில் 52. காயம் தொடர்பான சிக்கலை மட்டும் எடுத்தால் 5 க்கு எதிராக 31. இதை முதலில் வாசித்தபோது நான் இரண்டு தரம் பார்த்தேன். புதிய கருவியோ விலைகூடிய மருந்தோ எதுவும் இல்லை, புகையை நிறுத்த ஆறு கிழமை கைகொடுத்தார்கள், அவ்வளவுதான்.

எலும்பும் அப்படித்தான். மோட்டர்சைக்கிள் விபத்தில் கால் முறிந்து, பிளேட் வைத்து, ஆறு மாதமாகியும் எலும்பு பொருந்தவில்லை என்று திரும்பத் திரும்ப கிளினிக் ஏறுகிற இளம் பொடியன்களில் எத்தனை பேர் கட்டிலில் கிடந்தும் பத்துகிறார்கள் என்று பாருங்கள். புகைக்கிறவருக்கு எலும்பு பொருந்த நாள் கூடுதலாக எடுக்கும், சிலருக்குப் பொருந்தாமலே போகும். அதைவிட எனக்குக் கவலை தருவது சீனி வருத்தம் இருப்பவர்களின் கால். சீனியே சிறு குழாய்களைக் கெடுக்கிறது, அதற்கு மேல் புகையும் சேர்ந்தால் விரலில் வந்த ஒரு சின்னப் புண் ஆறாமல், விரல் போய், பாதம் போய், முழங்காலுக்குக் கீழே எடுக்கிற அளவுக்கு வரும். பேர்கர் நோய் என்று ஒன்று இருக்கிறது, சீனியே இல்லாத இளம் புகைப்பாளிகளுக்கும் கை கால் குழாய்கள் அடைத்து விரல்கள் கறுத்துப்போகிற வருத்தம். அதை நிறுத்துகிற ஒரே வழி புகையிலையை முற்றாக விடுவதுதான், அரைவாசி விட்டால் போதாது.

இனி நாள் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில், ஒப்பரேசனுக்கு ஏறக்குறைய நான்கு கிழமை அல்லது அதற்கு மேல் முன்னதாக நிறுத்தியவர்களுக்குச் சிக்கல்கள் குறைவு, ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் நிலைமை நல்லது என்று சொன்னது. நான்கு கிழமையைத் தாண்டிய ஒவ்வொரு புகையில்லாத கிழமைக்கும் பலன் 19 வீதம் கூடுகிறது என்றும் அதில் இருக்கிறது. நம் ஊரில் அவசரமில்லாத ஒப்பரேசனுக்குக் காத்திருக்கிற காலம் நீளமாக இருப்பதுண்டு, அதற்காகப் புறுபுறுக்கிறோம், அது நியாயம்தான். ஆனால் புகைக்கிற ஒருவருக்கு அந்தக் காத்திருப்புக் காலத்தைப் போலப் பெறுமதியான மருந்து வேறு இல்லை, அதை வீணாக்காதீர்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

"ஒப்பரேசனுக்குக் கிட்டத்தில் நிறுத்தினால் சளி கூடி ஆபத்து, அதனால் பிறகு நிறுத்துவோம்" என்றொரு கதையும் உலாவுகிறது. பழைய சில சிறிய ஆய்வுகளிலிருந்து வந்த பயம் அது, ஒரு காலத்தில் டொக்டர்மாரும் அப்படிச் சொன்னதுண்டு. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது கிட்டத்தில் நிறுத்துவதால் கெடுதல் என்று தெரியவரவில்லை. எந்த நாளிலும் நிறுத்தலாம்.

நிறுத்தாமல் எண்ணிக்கையைக் குறைத்தால் என்ன என்று கேட்பீர்கள். இருபதைப் பத்தாக்கியவர் அந்தப் பத்தையும் ஆழமாக, கடைசி இழுவை வரை இழுப்பார், உடம்பு தனக்குப் பழகின நிக்கொட்டினை எப்படியாவது எடுத்துக்கொள்ளும். குறைப்பது முற்றாக விடுவதற்கு ஒரு படியாக இருக்கட்டும், அதிலேயே நின்றுவிட வேண்டாம்.

சுருட்டைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் யாழ்ப்பாணத்தில் இந்தக் கதையை முடிக்க முடியாது. ஒல்லாந்தர் காலத்திலேயே இங்கிருந்து திருவிதாங்கூருக்குப் போயிலை கப்பலேறியது, பிறகு சுருட்டுக் கொட்டில்கள் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டன, தெற்கில் எங்கோ ஒரு சிங்களக் கிராமத்தில் சுருட்டுக்கடை வைத்திருந்த உறவினர் இல்லாத குடும்பம் இங்கே குறைவு. அந்த மரியாதையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் "சிகரெட்தான் கெமிக்கல், சுருட்டு எங்கட செம்மண்ணில் விளைஞ்ச சாமான், அது ஒண்டும் செய்யாது" என்று வயதானவர்கள் சொல்வது சரியில்லை. எந்த இலையை எரித்தாலும் காபனோரொட்சைட்டு வரும். "நான் உள்ளே இழுக்கிறதில்லை" என்பார்கள், சுருட்டுப் புகையின் தன்மைக்கு வாயின் உள்தோல் வழியாகவே நிக்கொட்டின் இரத்தத்துக்குப் போய்விடும். மேலும் ஒரு தடித்த சுருட்டில் இருக்கிற புகையிலை பல சிகரெட்டுக்குச் சமம்.

வெற்றிலையோடு போயிலை போடுகிற அம்மாமாருக்கும் இது பொருந்தும். புகை இல்லையே என்று கிளினிக்கில் அதைச் சொல்லாமல் விடுவார்கள். சுண்ணாம்பு சேரும்போது நிக்கொட்டின் இன்னும் இலகுவாக உடம்பில் ஏறுகிறது. பாக்கு வேறு ஒரு வேலை செய்கிறது: வருசக்கணக்கில் போட்டால் கன்னத்தின் உள்பக்கம் நார்போல இறுகி, வாய் முழுதாகத் திறக்க முடியாமல் போகலாம். மயக்கம் கொடுக்கிற டொக்டர் வாயைத் திறந்துதான் குழாய் போட வேண்டும், வாய் திறக்காவிட்டால் அவருக்கு அது பெரிய சிக்கல். ஆகவே வெற்றிலை போடுகிறீர்களா, வாய் முன்னர் மாதிரித் திறக்கிறதா என்பதை நீங்களாகவே சொல்லுங்கள்.

எப்படி நிறுத்துவது? மனத்திடம் மட்டும் போதும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிக்கொட்டின் மூளையைப் பழக்கப்படுத்திவிடுகிற பொருள், அது கிடைக்காதபோது எரிச்சல், பதற்றம், நித்திரையின்மை, பசி, மலச்சிக்கல் எல்லாம் வரும். முதல் மூன்று நாள்தான் மிகக் கடினம், பிறகு இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் மெல்லத் தணியும். பத்த வேண்டும் என்ற அந்தத் தவிப்பு ஒவ்வொரு தரமும் சில நிமிடங்களில் எழும்பி அடங்கிவிடும், அந்தச் சில நிமிடங்களை எப்படிக் கடத்துவது என்பதுதான் கேள்வி. இதற்கு உதவி கேட்பது எந்த வருத்தத்துக்கும் மருந்து கேட்பது போலத்தான்.

நிக்கொட்டின் சுவிங்கமும் தோலில் ஒட்டுகிற நிக்கொட்டின் பிளாஸ்டரும் இருக்கின்றன, 2009 இலேயே உலக சுகாதார நிறுவனம் இவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நிக்கொட்டின் குழாயைச் சுருக்கும் என்று சொல்லிவிட்டு அதையே மருந்தாகச் சொல்கிறாயே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. இவற்றில் காபனோரொட்சைட்டும் தாரும் எரிகிற புகையின் மற்றச் சாமான்களும் இல்லை, நிக்கொட்டினும் மெதுவாக, குறைந்த அளவில்தான் ஏறும். இதைப் பாவித்து நிறுத்தியவர்களுக்குக் காயம் ஆறுவது கெட்டதாக மனிதரில் செய்த ஆய்வுகளில் தெரியவரவில்லை. இருந்தாலும் தோல் ஒட்டுகிற மாதிரியான நுணுக்கமான ஒப்பரேசன்களில் சில சத்திரசிகிச்சை நிபுணர்கள் நிக்கொட்டினே வேண்டாம் என்பார்கள், ஆகவே கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சுவிங்கத்தைச் சாதாரண சுவிங்கம் மாதிரிச் சப்பக்கூடாது. மெதுவாகச் சப்பி, நாக்கில் உறைக்கத் தொடங்கியதும் கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும், உறைப்பு அடங்கியதும் திரும்பவும் சப்ப வேண்டும். சப்புவதற்குக் கால் மணி நேரம் முன்னரும் சப்பும்போதும் தேத்தண்ணி, கோப்பி, சோடா வேண்டாம், அவை நிக்கொட்டின் ஏறுவதைக் குறைத்துவிடும். வரெனிக்லின், புப்ரோப்பியன் என்று குளிசைகளும் உண்டு, அவை டொக்டர் எழுதித்தர வேண்டியவை, நிறுத்துகிற நாளுக்கு ஒன்று இரண்டு கிழமை முன்னரே தொடங்க வேண்டியவை. வலிப்பு வருத்தம் இருந்தால் புப்ரோப்பியன் கூடாது. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை கேட்கலாம்.

அப்புறம், எந்த இடத்தில் கை தானாகச் சிகரெட்டைத் தேடுகிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். பின்னேரம் சந்தியில் கூடுகிற கூட்டம், தேத்தண்ணிக்கடை வாங்கு, மத்தியானச் சாப்பாடு முடிந்த கை, தவறணை. செத்தவீடு ஒரு பெரிய பொறி, தட்டத்தில் வெற்றிலையோடு சுருட்டோ சிகரெட்டோ வருகிற பழக்கம் சில இடங்களில் இன்னமும் இருக்கிறது, இரவு முழுக்க விழித்திருக்கிற இடம் வேறு. அந்த நான்கு கிழமைக்கு அங்கெல்லாம் பத்தாத ஒருவருக்குப் பக்கத்தில் போய் இருங்கள். வாய்க்கு வேலை கொடுக்க எனக்குத் தெரிந்து புழுக்கொடியலை மிஞ்சின சாமான் இல்லை, ஒரு துண்டைக் கடித்து முடிப்பதற்குள் அந்தத் தவிப்பு போய்விடும். கச்சானும் நல்லது. பனங்குட்டான் வேண்டாம் என்று சீனி வருத்தக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

"என்னால் ஒரு நாள்கூட இருக்க ஏலாது" என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: மாலை போட்டு மலைக்குப் போன வருசம் எப்படி இருந்தீர்கள்? ஐயப்பனுக்கு 41 நாள் விரதம் இருந்து, ஒரு சிகரெட்டையும் தொடாமல் இருந்த எத்தனையோ பேர் இங்கே இருக்கிறார்கள். நான்கு கிழமை என்றால் 28 நாள். அங்கே ஒரு நாள் குறித்திருந்தது, ஊருக்கே தெரிந்திருந்தது, கூட இருந்தவர்களும் அதே கட்டுப்பாட்டில் இருந்தார்கள். ஒப்பரேசனுக்கும் அதையே செய்யுங்கள். நாளைக் குறித்து, கூட்டாளிமாருக்குச் சொல்லி, வீட்டில் பத்துகிற தம்பியோ மருமகனோ இருந்தால் அவரையும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் ஒன்றைக் கவனிக்க வேண்டும், முதற் கிழமையில் அவர் எரிந்து விழுவார், அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடாமல் விட்டுவிடுங்கள். இடையில் ஒன்றைப் பத்திவிட்டால் எல்லாம் போயிற்று என்று மிச்சப் பெட்டியையும் முடிக்க வேண்டாம், அடுத்த மணித்தியாலத்திலிருந்து திரும்ப நிறுத்தலாம். பலர் சில தரம் விழுந்தெழும்பித்தான் கடைசியில் விடுகிறார்கள்.

தேத்தண்ணி விசயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது, இதைக் கிளினிக்கில் ஒருவரும் சொல்ல நேரம் இருப்பதில்லை. புகையில் உள்ள சில பொருட்கள் ஈரலைத் தூண்டி, கோப்பியிலும் தேத்தண்ணியிலும் இருக்கிற கபேனை வேகமாக உடைக்க வைக்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் சில நாட்களில் குறைந்துவிடும், அதே அளவு கோப்பியும் சாயத் தேத்தண்ணியும் குடித்தாலும் இரத்தத்தில் கபேன் முன்னரைவிட நன்றாகக் கூடி நிற்கும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், நித்திரை வராது. "சிகரெட் இல்லாததால் வந்த பதற்றம்" என்று நினைத்துத் திரும்பப் பத்துவார்கள், காரணம் கோப்பி. நிறுத்துகிற நாளிலிருந்து கோப்பி, தேத்தண்ணியைப் பாதியாக்குங்கள். இதே காரணத்தால் சில மருந்துகளின் அளவும் மாற வேண்டியிருக்கும், முட்டுக்குக் கொடுக்கிற தியோபிலின், மனநலத்துக்குக் கொடுக்கிற ஒலன்சபின், குளோசபின் போன்றவை. சீனிக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்களும் நிறுத்திய கிழமைகளில் சீனியைக் கொஞ்சம் அடிக்கடி பாருங்கள்.

அப்பென்டிக்ஸ், விபத்து என்று திடீரென்று வருகிற ஒப்பரேசனுக்கு இந்தக் கணக்கொன்றும் பார்க்க முடியாது, உண்மையைச் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். வெளியே வந்தபின் நிறுத்துவது காயத்துக்கு நல்லது, அதற்குக் காலம் கடந்துவிடவில்லை. பிள்ளைக்கு டொன்சில் எடுக்கவோ வேறு எதற்கோ மயக்கம் கொடுக்கப்போகிறார்கள் என்றால், அந்தப் பிள்ளை ஒரு சிகரெட்டையும் தொட்டதில்லை என்றாலும், வீட்டில் அப்பா பத்துகிறவர் என்றால் மயக்கத்தின்போது பிள்ளையின் சுவாசக் குழாயில் சிக்கல் வருகிற வாய்ப்புக் கூடுகிறது. அதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும், அதைவிட முக்கியமாக அப்பா நிறுத்த வேண்டும்.

ஒப்பரேசன் முடிந்ததும் திரும்பத் தொடங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. பிரித்தானிய டொக்டர்மாரை 1951 இலிருந்து ஐம்பது வருசம் பின்தொடர்ந்த ஒரு ஆய்வு இருக்கிறது, 2004 இல் வெளிவந்த அதன் முடிவில் வாழ்நாள் முழுக்கப் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருசம் முந்திப் போனார்கள். 60 வயதில் நிறுத்தினவர்கள் அதில் மூன்று வருசத்தைத் திரும்பப் பெற்றார்கள், 50 இல் ஆறு, 40 இல் ஒன்பது, 30 இல் நிறுத்தினவர்கள் ஏறக்குறைய முழுப் பத்தையும். புகையினால் கூடியிருந்த இதய வருத்த ஆபத்து ஒரு வருசத்தில் ஏறக்குறையப் பாதியாகும். நுரையீரல் புற்றுநோயில் சாகிற ஆபத்து பாதியாகப் பத்து வருசம் எடுக்கும். ஐம்பத்தெட்டு வயதில் முழங்கால் மாற்றப்போகிறவர் "இனி விட்டு என்ன" என்று சொல்லும்போது இந்த எண்களைத்தான் நான் சொல்வது, புது முழங்காலோடு நடக்க அவருக்கு வருசங்கள் வேண்டுமே.

ஒப்பரேசன் அன்று காலையில் மயக்க மருந்து டொக்டர் வந்து கேட்கும்போது, கடைசியாகப் பத்தியது எப்போது, எத்தனை வருசமாக, சுவிங்கமோ பிளாஸ்டரோ பாவிக்கிறீர்களா, வேப் என்கிற மின்சிகரெட் பாவிக்கிறீர்களா என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு இருக்க வேண்டிய நேரத்தில் சுவிங்கம் சப்பலாமா என்று அவரிடமே கேளுங்கள், நீங்களாகத் தீர்மானிக்க வேண்டாம். முடிந்தபின் நெஞ்சுப் பயிற்சி சொல்லித்தந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ஆழமாக மூச்செடுத்து இருமுங்கள், எழும்பி நடக்கச் சொன்னால் நடவுங்கள். நிக்கொட்டின் மாற்று மருந்தை ஒப்பரேசன் முடிந்த கையோடு விட்டுவிட வேண்டாம், வழக்கமாக எட்டு முதல் பன்னிரண்டு கிழமை வரை அதைப் பாவித்து மெல்ல மெல்லக் குறைப்பார்கள். வீட்டுக்கு விடும்போது அது கையில் போதுமானதாக இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே வாங்குவது என்று வார்டிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.